காலை ஆறு மணித் தண்ணீர்

புத்தூர்,
17-3-1974

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பத்மாசினியும் சுகம். கொழும்பில் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்போது அந்தச் சுகம் கொஞ்சம் குறையலாம். அதற்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை.

முதலில் வீட்டு விஷயம். பத்மாசினி வகுப்பில் இரண்டாம் பிள்ளையாக வந்திருக்கிறாள். முதலாம் பிள்ளை வாத்தியாரின் மகள் என்பதால் அது கணக்கில் இல்லையாம். அப்பாவுக்கு அப்படியே எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். சங்கக்கடையில் ஒரு றாத்தல் பாணுக்கு விடியற்காலமே வரிசை. மண்ணெண்ணெய் விலையைக் கேட்டால் இறைப்பு மிசினைத் தொடவே பயமாக இருக்கிறது. சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, நாகு. பெண் கன்று என்று பத்மாசினிக்குச் சந்தோஷம். உங்கள் அம்மாவின் திவசத்துக்கு ஐயரிடம் சொல்லியாயிற்று.

இனி நீங்கள் அனுப்பிய பதிவுத் தபாலுக்கு வருகிறேன். கடிதம் அரைப் பக்கம், தட்டச்சுத் தாள் இரண்டு பக்கம். கலியாணம் கட்டிய பதினொரு வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதிய மிகச் சின்னக் கடிதம் இதுதான். மகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்கள் முதலாளி இராசநாயகத்தின் சாயச்சாலையைப் பற்றி ஏழு வரி இருந்தது.

தாளை மூன்று தரம் வாசித்தேன். சாயச்சாலையால் எங்கள் பங்குக் கிணற்றுக்கு எந்தப் பழுதும் ஏற்படவில்லை, இனிமேல் இதுபற்றி எவரிடமும் முறையிடவும் மாட்டோம் என்று பங்காளர் மூன்று பேரும் உறுதி சொல்வதாக இருக்கிறது. கால் பங்குக்காரர் ஆழ்வாப்பிள்ளை அண்ணை ஒப்பம் வைத்துவிட்டார். மற்றக் கால் பங்குக்காரி கமலாவதி அக்காவும் வைத்துவிட்டார். அவருடைய மகனைச் சாயச்சாலையில் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். கணவன் என்ற முறையில் உங்கள் சம்மதக் கையெழுத்தும் கீழே அழகாக இருக்கிறது. அரைப் பங்குக்காரியான என் பெயருக்கு நேரே மட்டும் வெறுமை. நான் இடம் மாறிப் போட்டுவிடக் கூடாது என்று அங்கே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடியும் போட்டிருக்கிறீர்கள்.

நான் போட மாட்டேன், அத்தான்.

போன மாதம் நான் சாயச்சாலை மனேச்சருக்கு எழுதிய முறைப்பாடு கொழும்புக் கந்தோரில் உங்கள் மேசைக்கும் வந்திருக்கும். நீங்கள் அதை நம்பவில்லை என்று நினைக்கிறேன். அதனால் திரும்பவும் எழுதுகிறேன். மாசி மாதத்தில் கிணற்றில் இறைக்க எங்கள் முறை வந்தது. அரைப் பங்கு என்பதால் எங்களுக்குத் தொடர்ந்து இரண்டு நாள் இறைப்பு. முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் பின்னேரம், கிணற்றில் தண்ணீர் அடியில் போய் நிற்கும் நேரம், வாய்க்காலில் கத்தரிப்பூ நிறத்தில் தண்ணீர் ஓடியது. நான்தான் மிசினை இழுத்துவிட்டவள், நான்தான் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றவள். கண் பிசகியிருக்கும் என்று கையில் அள்ளிப் பார்த்தேன். நகக் கண்ணில் நின்ற நிறம் இரண்டு நாளாகப் போகவில்லை. அந்தத் தண்ணீர் பாய்ந்த ஆறு பாத்தி வெங்காயமும் தாள் கருகிச் செத்தது.

மற்ற இரண்டு பேருக்கும் ஒவ்வொரு நாள்தான் முறை. அவர்கள் இறைக்கும்போது கிணறு அவ்வளவு கீழே போவதில்லை, அதனால் அவர்கள் கண்ணில் படவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் சாயச்சாலையிலிருந்து போத்திலோடு வந்த படித்த தம்பியைப் பற்றி நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பின்னேரம் வாங்கோ, மிசினைப் போட்டுக் காட்டுகிறேன் என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன். அவரோ காலை ஆறு மணிக்கு வந்தார். இரவு முழுக்க ஊறித் தெளிந்து நின்ற கிணற்றில் ஒரு வாளி அள்ளினார், போத்திலை நிரப்பினார், போய்விட்டார். பரிசோதனையில் தண்ணீர் சுத்தமாம். காலை ஆறு மணிக்கு அது சுத்தமாகத்தான் இருக்கும்.

இதில் என் பிழையும் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னம் என் சீதனக் காணியின் மேற்குத் துண்டை, அதில் இருந்த உவர்க் கிணற்றோடு, சாயச்சாலைக்கு எழுதிக் கொடுத்தோம். உவர் ஊற்று வேறு, நல்ல தண்ணீர் ஊற்று வேறு, இரண்டும் ஒன்றையொன்று தொடாது என்று ஊரே நம்பியது. வாயில் வைக்க முடியாத உவர்க் கிணறு, அவர்கள் அதில் எதைக் கொட்டினால் எங்களுக்கு என்ன என்று நானும் நினைத்தேன். நொத்தாரிசு வீட்டு விறாந்தையில் நீங்கள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், காணி உறுதியை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அப்போது அங்கே மூன்று சாயத்தொட்டி. வெளிநாட்டுச் சேலை வராமல் போனபின் இப்போது பன்னிரண்டு, அத்தனை கழிவும் அந்த உவர்க் கிணற்றுக்குள்தான். நல்ல கிணறு அடிக்குப் போகும்போது உவர்க் கிணற்றுத் தண்ணீரை இழுக்கிறது. நிலத்துக்குக் கீழே எங்கள் நம்பிக்கை செல்லுபடியாகவில்லை.

உங்களுக்கு நினைவிருக்கும், சாயத் தண்ணீரை வடிக்கச் சீமெந்துத் தொட்டி மூன்று கட்டுவோம் என்று அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள். அந்த வருடப் பொங்கலுக்கு வந்தபோது, அதைத் தட்டச்சு அடித்தது நான்தான் என்று பெருமையாகச் சொன்னீர்கள். அந்தத் தொட்டிகளுக்கென்று பெர்மிட்டில் சீமெந்தும் வந்தது. தொட்டி எங்கே? அந்தச் சீமெந்தில் இப்போது பள்ளிக்கூடத்தில் குடிதண்ணீர்த் தாங்கி எழும்புகிறது. முதலாளியின் பெயரைக் கல்லில் வெட்டி முடித்துவிட்டார்கள். தாங்கிதான் இன்னும் முடியவில்லை. ஐம்பது கிணறு உள்ள ஊருக்குக் குடிதண்ணீர்த் தாங்கி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு ஒரு சேலை தந்தவரிடம் எப்படிக் கேட்பது? எனக்கும் ஒன்று வந்தது. கத்தரிப்பூ நிறம்தான். அலுமாரி லாச்சிக்குள் கட்டாமல் கிடக்கிறது.

நான் சாயச்சாலையை மூடச் சொல்லவில்லை. பக்கத்து ஒழுங்கைச் சின்னத்தங்கம் மாதிரி முப்பது பெண்கள் அந்தச் சம்பளத்தில் அடுப்பு எரிக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். அவளுடைய கை முழங்கை வரை நீலம். அதையும் முதலாளி ஒருநாள் பார்க்கட்டும். எழுதிக் கொடுத்த மூன்று சீமெந்துத் தொட்டியைக் கட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். செய்வதாகச் சொன்னதைச் செய்வதற்குப் பெயர் தர்மம் இல்லை, அதற்குக் கல்வெட்டும் தேவையில்லை.

என் கையெழுத்துக் கிடைத்தால் உங்களை உதவி மனேச்சராக்கி, வெள்ளவத்தையில் வீடும் தருவார்கள், நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் தரம் வாசித்தேன். வருடத்தில் இருபது நாள் புருஷனோடு வாழ்கிறவள் நான். எனக்கும் ஆசை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதை இப்படி ஒரு தாளில் குத்தி அனுப்பியிருக்க வேண்டாம்.

தேசவழமைச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் என் சீதனத்தை நான் விற்க முடியாது. என் கை இல்லாமல் நீங்களும் அதில் ஒன்றும் செய்ய முடியாது. இத்தனை நாள் முதல் பாதியைத்தான் எல்லாரும் எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கடைச் சாப்பாட்டில் உறைப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
இராசமலர்


புத்தூர்,
27-3-1974

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் தந்தி கிடைத்தது. உடனே கையெழுத்திட்டு அனுப்பவும் என்று இருந்தது. தந்திச் சேவகர் வாசலில் நின்று, வீட்டில் யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்து கேட்டார். இன்னும் இல்லை என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினேன்.

தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை. நீங்கள் போட்ட புள்ளடியைப் பத்மாசினியின் அழிறப்பரால் அழித்துவிட்டேன். நல்ல றப்பர், அடையாளமே தெரியாது. என்ன அம்மா அழிக்கிறீங்கள் என்று பிள்ளை கேட்டாள். அப்பா தவறுதலாகப் போட்டது என்றேன். உங்களுக்காக நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், இன்னொன்று கேட்காதீர்கள்.

பிள்ளையின் முழங்கால் மடிப்பில் சொறி வந்திருக்கிறது. பரியாரி எண்ணெய் தந்திருக்கிறார். கிணற்றால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததைச் சொல்ல மாட்டேன். ஆனால் அவளைக் குளிப்பாட்ட இப்போது கோயில் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

சாயச்சாலை மனேச்சர் நேற்று வந்தார். வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை தாங்கி திறப்பு விழாவாம். முதலாளியே கொழும்பிலிருந்து வருகிறாராம். பிரதான கிளாக்கரின் மனைவி என்ற முறையில் நான் மேடையில் நின்று, குழாயில் முதல் தண்ணீரைப் பிடித்து முதலாளியிடம் கொடுக்க வேண்டுமாம். வெள்ளிப் பேணி அவர்களே தருவார்களாம். முறைப்பாடு எழுதினவளே தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் ஊர் வாய் தானாக மூடிவிடும் என்று நினைக்கிறார்கள். இது உங்கள் யோசனையாக இருக்காது என்று நம்புகிறேன். இருந்தால் எனக்குத் தெரிய வேண்டாம்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள்
இராசமலர்


புத்தூர்,
8-4-1974

அன்புள்ள அத்தானுக்கு,

விழாவில் நடந்ததை உங்களுக்குத் தொலைபேசியில் யாரோ சொல்லியிருப்பார்கள். அவர்கள் எப்படிச் சொன்னார்களோ தெரியாது. நான் முதலாளியின் முகத்தில் தண்ணீரை ஊற்றினேன் என்று இங்கே ஒழுங்கைக்குள்ளேயே ஒரு கதை ஓடுகிறது. அப்படி நடக்கவில்லை. நடந்ததை நான் எழுதுகிறேன், நீங்கள் கடைசி வரைக்கும் வாசிக்க வேண்டும்.

சனிக்கிழமை விடிய முன்னம் எழும்பிக் குளித்து, காலை ஆறு மணிக்கு எங்கள் கிணற்றில் ஒரு வாளி அள்ளினேன். தண்ணீர் பளிங்காக இருந்தது. அதை எங்கள் மூக்குப்பேணியில் ஊற்றி மூடி எடுத்துக்கொண்டேன். நீங்கள் கொழும்பிலிருந்து வந்து படியேறும்போது தண்ணீர் தருவேனே, அதே பித்தளைப் பேணி. புளி போட்டு மினுக்கியிருந்தேன். கட்டிக்கொண்டு போனது கலியாணக் கூறை. தீபாவளிச் சேலையை மனேச்சர் எதிர்பார்த்திருப்பார்.

பள்ளிக்கூட வளவு நிறையச் சனம். முதலாளி அரை மணித்தியாலம் பேசினார். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதைவிடப் பெரிய தொண்டு இல்லை என்றார். எங்கள் ஊர்க் கிணறுகளின் தண்ணீரைக் கொழும்பில் பரிசோதித்துப் பார்த்ததாகவும், அது தேன் என்றும் சொன்னார். வெயிலில் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டது. செருமிக்கொண்டு, எங்கை பிள்ளை தண்ணி, கொண்டு வா என்று பகிடியாகக் கூப்பிட்டார். சனம் சிரித்தது.

நான் வெள்ளிப் பேணியைத் தொடவில்லை. எங்கள் மூக்குப்பேணியை இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் வாங்கி, அண்ணாந்து ஊற்றப் போகும்போது சொன்னேன். உது தாங்கித் தண்ணி இல்லை ஐயா, எங்கடை கிணத்துத் தண்ணி. உங்கடை தம்பி போத்திலிலை எடுத்த அதே கிணறு, அதே காலமை ஆறு மணி. சுத்தம் எண்டு நீங்களே எழுதித் தந்த தண்ணி, குடியுங்கோ என்றேன். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்தது, அதனால் எல்லாருக்கும் கேட்டது. நான் சத்தமாகக் கதைக்கவில்லை.

அவருடைய கை அந்தரத்தில் நின்றது. பேணிக்குள் பார்த்தார். பித்தளைக்குள் நிறம் என்ன தெரியும்? தெரிந்தாலும் அது தெளிந்த தண்ணீர்தான். சிரித்துக்கொண்டே கையை இறக்கினார். எனக்கு இப்ப தாகமில்லைப் பிள்ளை என்றார். கொஞ்சத்துக்கு முன்னம் தண்ணீர் கேட்டவர், அத்தான்.

முன் வரிசையில் ஆழ்வாப்பிள்ளை அண்ணை இருந்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழும்பினார். அவர் கோயிலில் சாமிக்கு முன்னால் மட்டும் அப்படிக் கட்டுகிறவர், அதனால் அவர் கெஞ்சப் போகிறாரா சண்டைக்குப் போகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. ஐயா, உந்தத் தண்ணிக்குப் பழுதில்லை எண்டு ஒப்பம் வைச்சவன் நான். என்ரை பேரப்பிள்ளையள் உதைத்தான் குடிக்குதுகள். ஒரு மிடறு குடியுங்கோ, நான் நிம்மதியாய் வீட்டை போறன் என்று கேட்டார். ஒரு மிடறு, அவ்வளவுதான் கேட்டார்.

முதலாளி பேணியை மேசையில் வைத்துவிட்டார். மனேச்சர் ஓடிப்போய்ச் சோடாப் போத்தில் ஒன்றை உடைத்துக் கொண்டுவந்தார். அவருக்கு மூளை அவ்வளவுதான். முதலாளி அந்தச் சோடாவைக் கையில் வாங்கிய பிறகுதான் தான் என்ன செய்கிறார் என்று அவருக்குப் பட்டது. அதையும் குடிக்காமல் வைத்தார். வீட்டுக்கு வந்தவர் தண்ணீரைக் கையில் வாங்கிவிட்டுக் குடிக்காமல் வைத்தால் எங்கள் ஊரில் உறவை முறித்ததாக அர்த்தம், அது அங்கே இருந்த சின்னப்பிள்ளைக்கும் தெரியும். 

நான் பேணியை எடுத்து, அந்த மேடையில் நின்றே அண்ணாந்து முழுவதையும் குடித்தேன். ஆறு வருடமாகக் குடிக்கிற தண்ணீர்தானே. தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. அவருக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்கும் ஊருக்கும் அன்றைக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பேணியைக் கழுவும்போது அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், உங்களுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆழ்வாப்பிள்ளை அண்ணை போய் மனேச்சரிடம் தன் ஒப்பத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். தாள் கொழும்பில் என்றாராம். அப்படியென்றால் கொழும்புக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கமலாவதி அக்கா என்னோடு கதைப்பதில்லை. மகனின் வேலை போய்விடும் என்ற பயம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சின்னத்தங்கம் மட்டும் இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் வாசல் படலையடியில் நின்று, பின்னேரம் மிசின் போடேக்கை என்னையும் கூப்பிடுங்கோ அக்கா, எந்தத் தொட்டிச் சாயம் எண்டு நிறத்தைப் பாத்துச் சொல்லுவன் என்றாள். அவளுக்கு நான் நாள் சொல்லவில்லை. முப்பது பெண்களில் முதலில் போகும் வேலை அவளுடையதாக இருக்கும், அதை நினைத்தால் எனக்கு நித்திரை இல்லை. ஆனால் அவள் கேட்டாள். யாரும் கேட்கச் சொல்லாமல் அவளாகக் கேட்டாள்.

தொட்டி கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று மனேச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். யோசிக்கட்டும். சித்திரை முழுக்க எங்கள் முறையின் இரண்டாம் நாள் பின்னேரம் வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் போத்திலில் பிடித்து, நாள் எழுதி, யன்னலில் வைக்கப் போகிறேன். ஒழுங்கையால் போகிற எல்லாருக்கும் தெரியும்படி வைப்பேன். கையெழுத்துக் கேட்டு இன்னும் யாராவது வந்தால் அந்த யன்னலுக்குப் பக்கத்தில்தான் கதிரை போடுவேன்.

உங்கள் உத்தியோகத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. வெள்ளவத்தை வீடு இல்லை என்று நானே விளங்கிக்கொண்டேன். உதவி மனேச்சர் ஆகாமல் போகட்டும், கிளாக்கர் வேலையும் போனால் போகட்டும். எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது, எனக்கு மிசின் இழுக்கத் தெரியும், உங்களுக்கு மனு எழுதத் தெரியும். முதலாளிக்காக அவ்வளவு வடிவாக எழுதின கை, எங்களுக்காக ஒன்று எழுதாதா? மூன்று தொட்டியின் படமும் அளவும் உங்களிடம் இருக்கும். ஒரு பிரதி எடுத்து வைக்காமல் நீங்கள் ஒன்றையும் அனுப்பியதில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பிரதியைக் கொண்டு வாருங்கள்.

நேற்று வந்த உங்கள் இரண்டாவது தந்தியில் வருகிறேன் என்ற ஒரு சொல்தான் இருந்தது. யாருக்காக வருகிறீர்கள் என்று அதில் இல்லை. தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு, அதனால் விட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்னதாகவே வாருங்கள். இரவு மெயில் றெயிலில் வந்தால் முதல் பஸ்ஸைப் பிடித்து விடிய இங்கே நிற்கலாம். பத்மாசினி படலையில் நிற்பாள். நான் படியில் நிற்பேன், வழக்கம்போல மூக்குப்பேணியில் தண்ணீர் தருவேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர், காலை ஆறு மணிக்கு அள்ளியது. நீங்கள் குடிக்காமல் வைத்தால் ஏன் என்று நான் கேட்க மாட்டேன்.

வழியில் எங்கும் சோடா கீடா குடிக்க வேண்டாம். நீங்கள் நல்ல தாகத்தோடு வந்து சேர வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
இராசமலர்